அக்கா வந்த வேளைகள்

ஆறாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் மூக்கைத் தொட்டது, சுடச்சுடத் தேய்த்த துணியின் வாசனை.

ஆஸ்பத்திரி என்றால் வெளுத்த போர்வையும் தேய்த்த தலையணை உறையும் இருக்கத்தானே செய்யும். அவன் மனைவிக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. ஒரு தோளில் பை, கக்கத்தில் தடித்த ஃபைல் என்று விடுவிடுவென்று முன்னால் நடந்தவள், அவன் லிஃப்ட் வாசலிலேயே நிற்பதைப் பார்த்துத் திரும்பினாள்.

"என்னங்க, வலிக்குதா?"

"இல்ல. நீ நட, வர்றேன்."

வலது கை அவனை அறியாமல் அடிவயிற்றின் வலது ஓரத்தை, இடுப்பெலும்பை ஒட்டிய அந்த மேட்டைப் பொத்தியிருந்தது. சட்டைக்கு மேலாகவே அந்த இடம் கொதித்தது.

வார்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மொத்தமே எட்டுக் கட்டில். மேசைக்குப் பின்னாலிருந்த தலைமை நர்ஸ், கவசத்துக்கு மேலே தெரிந்த அவன் கண்ணை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அடடே, மோட்டார் காயில்காரரா! வாங்க, வாங்க. மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் மாமியார் வீட்டு ஞாபகம் வந்துச்சா?"

அவன் சிரிக்க முயன்றான்.

"உங்க அக்கா எப்படி இருக்காங்க? கிட்னியைக் குடுத்துட்டு மூணாம் நாளே எந்திரிச்சு, 'இதென்ன போர்வை மடிச்சிருக்கிற லட்சணம்'னு எங்க ஆயாம்மாவைப் பிடிச்சு லெஃப்ட் ரைட் வாங்கினாங்களே! அவங்களையும் கூட்டிட்டு வர்றதுதானே?"

மனைவிதான் பதில் சொன்னாள். "அவங்க தவறிட்டாங்க சிஸ்டர். எட்டு மாசமாச்சு."

நர்ஸின் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. பிறகு அவள் ஆறாம் எண் கட்டிலைக் காட்டினாள்.

டாக்டரம்மா வந்தபோது மணி பத்து. மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ரிப்போர்ட்டையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ரத்தத்தில் கிரியாட்டினின் உப்பின் அளவு போன தடவை ஒன்று புள்ளி இரண்டு. இப்போது நாலு புள்ளி ஒன்று.

"மாத்திரை விட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"ஒரு வேளைகூட?"

"இல்ல."

"என் கண்ணு முன்னாடிதான் டாக்டர் போடுறாரு," என்று மனைவி குறுக்கே வந்தாள். "ராத்திரி ஒன்பது மணி மாத்திரையை நானே கையில குடுத்து, தண்ணியும் குடுத்து, முழுங்கினப்புறம்தான் நகருவேன்."

"காலையில?"

"காலையில கடையில போட்டுக்குவாரு. டப்பா கடையிலதான் இருக்கு."

டாக்டரம்மா அவனையே பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

"ரத்தத்துல மருந்து இருக்க வேண்டிய அளவுல பாதிகூட இல்லையே," என்றார் அவர், அதட்டாமல். "இங்க பாருங்க. உடம்புன்னா அதுக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான். தன் வீட்டு ஆளு யாரு, வேத்தாளு யாருன்னு பார்க்கிறதுதான் அவன் வேலை. உங்க அக்கா கிட்னி எவ்வளவு பொருந்தினாலும் அவனுக்கு அது வேத்தாளுதான். மாத்திரை இருக்கிற வரைக்கும் தூங்குவான். மாத்திரை குறைஞ்சா முழிச்சுக்குவான். முழிச்சான்னா, உள்ள இருக்கிறவங்களைப் போட்டு அடிப்பான். சாகிற வரைக்கும் அடிப்பான். இப்ப அதுதான் நடந்துகிட்டிருக்கு."

அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஒவ்வொரு வேளை விடும்போதும்... அடிப்பானா டாக்டர்?"

"ஒவ்வொரு வேளையும்."

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மனைவி தலையணையைச் சரிசெய்தாள். அவனோ விட்டத்தைப் பார்த்தபடி, எத்தனை வேளை என்று எண்ணத் தொடங்கி, எண்ண முடியாமல் கண்ணை மூடிக்கொண்டான்.

எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை எடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றித் தருவது அவன் தொழில். கடைக்குள் எப்போதும் வார்னிஷ் நெடி. அவனைவிடப் பத்து வயது மூத்த அக்காவுக்கு வேறொரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அவள் எங்கே வந்தாலும் அவளுக்கு முன்னால் தேய்த்த துணியின் சூடான வாசனை வந்துவிடும். ஒல்லிக்குச்சியாக இருந்த தம்பிக்குச் சின்ன வயதிலேயே அவள் வைத்த பெயர் 'குண்டா'. கிட்னி மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு மருந்தால் அவன் முகம் பூரித்து உப்பியபோது, "பாத்தியா, என் வாய் முகூர்த்தம் பலிச்சிருச்சு" என்று வயிற்றுத் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

கிட்னியைத் தருகிறேன் என்றபோதும் அவள் பெரிதாக வசனம் எதுவும் பேசவில்லை. "ரெண்டை வச்சுகிட்டு நான் என்ன கண்காட்சியா நடத்தப்போறேன்? ஒண்ணை நீ எடுத்துக்கோ. ஆனா ஒழுங்கா வச்சுக்கணும், ஆமா. என் பொருளு."

அதன் பிறகு தினமும் காலை ஒன்பது மணிக்கு அவன் கடை போன் அடிக்கும்.

"போட்டியா குண்டா?"

"போட்டுட்டேன்க்கா. போனை வை."

இரண்டு வருடத்துக்கு மேல். ஒரு நாள் தவறியதில்லை. சில நாள் எரிச்சலில் அவனே துண்டித்திருக்கிறான். கடைசி நாளும் அப்படித்தான். வாடிக்கையாளர் நிற்கிறார் என்று, அவள் வாயைத் திறக்கும் முன்பே வைத்துவிட்டான். அன்று மதியம் சலவைக்கூடத்தில், மடித்த போர்வை அடுக்கின் மேலேயே அவள் சரிந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். கிட்னி கொடுத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள். அவன் தலையாட்டினான். நம்பினானா என்று யாருக்குத் தெரியும்?

அவள் போய் இரண்டு மாதம் இருக்கும். தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஒன்று அவசர வேலையாக வந்திருந்தது. குனிந்த தலை நிமிராமல் கம்பி சுற்றியதில் காலை மாத்திரை மறந்தேபோய்விட்டது. மணி பதினொன்றரை.

வார்னிஷ் நெடி திடீரென்று அற்றுப்போனது.

சூடாகத் தேய்த்த துணியின் வாசனை கடையை நிறைத்தது.

"குண்டா."

பின்னாலிருந்து வரவில்லை அந்தக் குரல். முன்னாலிருந்தும் இல்லை. அவன் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து, ஒரு குழந்தை சட்டையைப் பிடித்து இழுக்கும் உயரத்திலிருந்து வந்தது.

"மாத்திரையைப் போடுடா."

கையிலிருந்த கம்பிச் சுருள் தரையில் உருண்டு அறை முழுக்கப் பிரிந்தது. அவனுக்குப் பயமே வரவில்லை. இரண்டு மாதமாக நெஞ்சில் கட்டிக்கிடந்த அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. "இதோ போடுறேன்க்கா, இதோ" என்று அழுதுகொண்டே மாத்திரையை விழுங்கினான். சற்று நேரத்தில் வாசனை மெல்ல விலகியது. வார்னிஷ் நெடி திரும்பி வந்தது.

மறுநாள் ஒன்பது மணிக்குச் சரியாக மாத்திரை போட்டான். காத்திருந்தான். யாரும் வரவில்லை.

அதற்கடுத்த நாளும் இல்லை.

நான்காம் நாள், மாத்திரையைக் கையில் எடுத்தவன் திரும்ப டப்பாவில் போட்டான். பத்து மணிக்கு ஒன்றுமில்லை. பதினொரு மணிக்கு வாசனை. பன்னிரண்டுக்கு அக்கா.

"போடுடா குண்டா. சீக்கிரம் போடுடா."

என்ன அதட்டல்! அதே அக்கா, அதே அவசரம். ஒன்பது மணி போனில் அவன் சலித்துக்கொண்ட அதே பேச்சு. இப்போது அதைக் கேட்க அவன் நாள் முழுக்க ஏங்கிக் கிடப்பான். முதலில் வாரம் ஒரு முறை என்று வைத்துக்கொண்டான். பிறகு இரண்டு முறை. பிறகு கணக்கே இல்லாமல் போனது. மாத்திரை விட்ட அன்று அக்கா வருவாள். போட்ட அன்று வரமாட்டாள். அவனுக்குத் தெரிந்த ஒரே விதி அதுதான். கடைசி ஒரு மாதம், காலை மாத்திரை ஒவ்வொன்றும் பழைய துணிக்குள் சுருட்டப்பட்டுக் குப்பைக்குப் போயிற்று.

"திட்டுக்கா. இன்னும் கொஞ்சம் திட்டு," என்பான், கம்பி சுற்றிக்கொண்டே.

அவள் அதற்குப் பதில் சொன்னதேயில்லை. "போடுடா... போடுடா... போடுடா..." அவ்வளவுதான். நாளாக ஆக அந்தக் குரல் மூச்சு வாங்கியது, உடைந்தது. ஒரு நாள் பாதியில் 'அம்மா' என்று முனகினாள். அதையும் அவன் அதட்டல் என்றே எடுத்துக்கொண்டான்.

ஆறாம் எண் கட்டிலில் படுத்துக்கொண்டு இப்போது அந்தக் குரலை நினைத்துப் பார்த்தான்.

அது அதட்டல் இல்லை.

கெஞ்சல்.

மதியம் இடுப்பில் ஊசி விட்டுக் கிட்னியிலிருந்து ஒரு நூல் அளவு சதை எடுத்தார்கள், பரிசோதனைக்கு. ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்று கட்டளை. மனைவி மருந்து வாங்கக் கீழே போனாள். கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை. ஜன்னலில் பட்டப்பகல் வெயில். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

குறட்டை நின்றது.

வாசனை வந்தது. லிஃப்ட் வாசலில் வந்தது போல இல்லை. இஸ்திரிப் பெட்டியை முகத்தருகே பிடித்தது போல.

அவன் அசையவில்லை. அசையவும் கூடாது. கண்ணை மட்டும் இறக்கிப் பார்த்தான்.

வலது இடுப்பை ஒட்டி, வெள்ளைப் போர்வையில் ஒரு பள்ளம் விழுந்தது. யாரோ உட்கார்ந்தது போல.

பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கை.

அக்காவின் கைதான். சுடுநீரில் வெளுத்துச் சுருங்கிய விரல் நுனிகள். ஆனால் மணிக்கட்டிலிருந்து மேலே, தோல் முழுக்கக் கன்றிப்போயிருந்தது. கருநீலமும் மஞ்சளுமாக, பழைய அடியின் மேல் புது அடி, அதன் மேல் இன்னொரு அடி.

"அக்கா," என்றான், உதடு மட்டும் அசைய. "யாருக்கா? யாரு உன்னை இப்படி..."

கை எழுந்தது. ஆட்காட்டி விரல் நீண்டது. மெல்ல, ரொம்ப மெல்ல வந்து, அவன் நெஞ்சின் நடுவில் தொட்டது.

"அடிக்காதடா குண்டா."

"நான் இல்லக்கா..."

"வலிக்குதுடா."

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது. நீ என்னைப் பார்க்க வர்றேன்னுதான்..."

"வெளிய போகவும் வழியில்லடா."

விரல் நெஞ்சிலேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியாது. திரை விலகி மனைவி உள்ளே வந்தபோது பள்ளம் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அன்று அவன் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னான். முதல் நாள், நான்காம் நாள், கந்தலில் சுருட்டிய மாத்திரைகள், போர்வைப் பள்ளம், எதையும் மறைக்கவில்லை. அவள் நின்றபடியே கேட்டாள். கடைசியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எட்டு மாசமா ஒவ்வொரு ராத்திரியும் நான் தண்ணி டம்ளரோட நிக்கிறேன். நான் உசிரோடதானே நிக்கிறேன்? என் பேச்சு உங்க காதுல விழவே இல்லையா?"

அவன் வலது கை மறுபடி அந்த மேட்டுக்குப் போனது.

"அந்தப் புண்ணியவதி வயித்தைக் கிழிச்சுக் குடுத்தது, உங்களை என்கிட்ட விட்டுட்டுப் போறதுக்கு. அதைக் கொண்டுபோய்..." மேலே பேச முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். முகம் கழுவியிருந்தது. நேராக டாக்டரம்மாவிடம் போய், "மாத்திரை விட்டிருக்காரு. நிறைய விட்டிருக்காரு. அவர் சொல்ற எதையும் நம்ப வேண்டாம், என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றாள்.

செய்தார்கள். மூன்று நாள் ஸ்டீராய்டு சொட்டுச் சொட்டாக ஏறியது. அது போதாமல், குளிரில் பல் கிட்டவைக்கும் இன்னொரு மருந்து ஏறியது. நடுங்கும்போதெல்லாம் வலது கையால் அந்த மேட்டை அணைத்துக்கொண்டு, "விடுடா, விட்டுருடா" என்று அவன் யாரிடமோ மன்றாடினான். ஜுர வேகத்தில் பிதற்றுகிறார் என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். காவல்காரனிடம் பேசுகிறார் என்று மனைவிக்குத் தெரியும். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் சிறுநீர் நின்றது.

பதினோராம் நாள் டயாலிசிஸ் இயந்திரத்தில் போட்டார்கள்.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. "கிட்னி போயிருச்சு. நாங்க எவ்வளவோ பார்த்தோம். இனி வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். அதை வெளிய எடுக்க வேண்டியதில்ல, உள்ளேயே சுருங்கிக் கிடக்கும். ஒண்ணும் பண்ணாது. ஒரே ஒரு நல்ல விஷயம், இனி இந்த மாத்திரை எல்லாம் தேவையில்ல. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம்."

அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"நிறுத்தினா காவல்காரன் முழிச்சுக்குவானே!"

"முழிச்சா என்ன? அங்க இனிமே காப்பாத்த ஒண்ணும் இல்லையே."

"இருக்கு டாக்டர். உள்ளதான் இருக்கா. வெளிய போக வழியில்லன்னு சொன்னா. நீங்க மாத்திரையை நிறுத்திட்டா, காலம் பூரா அவளைப் போட்டு அடிச்சுகிட்டே..." அவன் கைகூப்பினான். "நிறுத்தாதீங்க டாக்டர். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன்."

டாக்டரம்மா மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இதைத் தீர்த்து வையுங்கள் என்பது போல.

மனைவி அவன் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். பிறகு, "ஒரு மாத்திரையாவது எழுதிக் குடுங்க டாக்டர்" என்றாள்.

"நீங்களுமா? அது நோய் எதிர்ப்பைக் குறைக்கிற மருந்தும்மா. சும்மா ஒரு ஜலதோஷம் வந்தாக்கூட ஆபத்து."

"நான் பார்த்துக்கிறேன். வாசல்ல ஈ எறும்பு நுழையாம பார்த்துக்கிறேன். ஏன் எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க."

டாக்டரம்மா ஃபைலை முன்பின்னாகப் புரட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். அடுத்த மாற்றுச் சிகிச்சைக்கு உடம்பைத் தயாராக வைத்திருக்க, குறைந்த அளவில் ஒரு மாத்திரை சிலருக்குத் தொடர்வதுண்டு என்று ஃபைலில் ஒரு காரணத்தையும் எழுதிக்கொண்டார்.

வீட்டில் அதன் பிறகு காலை மாத்திரையும் மனைவியின் கையிலிருந்துதான். அவன் அதை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவான், சின்னப் பிள்ளை போல. கடைக்கு வாரம் மூன்று நாள் போனான். மற்ற மூன்று நாள் டயாலிசிஸ். கடையில் வார்னிஷ் நெடி மட்டுமே இருந்தது. அக்கா வரவில்லை. வராமல் இருப்பதுதான் நல்லது என்று அவனுக்கு இப்போது தெரியும். தெரிந்தும், சில மதியங்களில் கம்பி சுற்றும் கை தானாக நின்றுவிடும்.

ஒரு நாள் மனைவி, "என்னுது ஒண்ணை எடுத்துக்கங்களேன். டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்" என்றாள், காய் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல்.

"வேண்டாம்."

"ஏன்? நான் மட்டும் என்ன கண்ணாடிப் பாத்திரமா?"

"உன்னையும் அந்த அடி வாங்க விடமாட்டேன்."

அவள் கையிலிருந்த கத்தி சற்று நின்று, பிறகு மறுபடி நகர்ந்தது. அந்தப் பேச்சை அவர்கள் மறுபடி எடுக்கவில்லை.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். நாலைந்து நாள் விடாமல் லேசான காய்ச்சல். உள்ளே கிடக்கும் பழைய கிட்னியில் சீழ் கீழ் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என டாக்டரம்மா ஸ்கேனுக்கு அனுப்பினார். ஸ்கேன் எடுப்பவர் கலகலப்பான மனிதர். இருவரையும் உள்ளே கூப்பிட்டு, அவனைப் படுக்க வைத்து, வயிற்றில் களிம்பைத் தடவினார்.

"ஜில்லுனு இருக்கா? வெயிலுக்கு இதமா இருக்கட்டும்னுதான். காசு கேக்க மாட்டேன், பயப்படாதீங்க."

கருவியை வைத்து அழுத்தினார். திரையில் சாம்பல் நிறத்தில், வற்றிய அவரை விதை போல ஒன்று தெரிந்தது.

"சீழ் எதுவும் இல்ல. நல்லா சுருங்கிருச்சு. ரத்த ஓட்டம் எல்லாம் நின்னு ரொம்ப நாளாகியிருக்கும். ஒரு பேருக்கு அதையும் பார்த்துடுறேன்."

ஏதோ ஒரு குமிழைத் திருகினார்.

இயந்திரத்தின் பெட்டியிலிருந்து சத்தம் வந்தது.

உஷ் உஷ் உஷ் உஷ் உஷ்.

வேகமாக, இடைவெளியே இல்லாமல். யாரோ பயந்து ஓடுவது போல.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. கருவியை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். அதே சத்தம். நெஞ்சுப் பக்கம் நகர்த்தினார்; அங்கே நிதானமாக ஒரு துடிப்பு. திரும்ப இடுப்புக்குக் கொண்டுவந்தார். மறுபடி அந்த ஓட்டம்.

"என்ன சார்?" என்றான் அவன்.

அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினார். எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"உங்க நாடி எழுபத்திரண்டு," என்றார், குரலைத் தாழ்த்தி. "இது நூத்தி நாப்பதுக்கு மேல ஓடுது. இது... இது உங்க நாடி இல்லையே."

மூலையில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்து கட்டிலருகே வந்தாள். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட அவளுக்கு எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்டது.

அவன் களிம்போடு களிம்பாகத் தன் உள்ளங்கையை அந்த மேட்டின் மேல் வைத்தான். அப்புறம், தூளியில் கிடக்கும் குழந்தையிடம் பேசுவது போல, ரொம்ப மெதுவாகச் சொன்னான்:

"இனி யாரும் அடிக்க மாட்டாங்கக்கா. நீ தூங்கு."

மனைவியும் தன் கையை அவன் கையின் மேல் வைத்தாள்.

மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்கேன்காரரின் விரல்கள் அவன் மணிக்கட்டை விடவில்லை. அங்கே நாடி கொஞ்சமும் மாறவில்லை. பெட்டிக்குள் கேட்ட சத்தம் மட்டும், மூச்சிரைக்க ஓடிவந்த ஒருத்தி எங்கேயோ உட்கார இடம் கிடைத்து உட்கார்ந்துகொண்டது போல, மெல்ல மெல்லத் தணிந்து, ஒரே சீராக அடிக்கத் தொடங்கியது.